ஆவுடையப்பன் கொடுத்த எண்

பியூலாவிடம் கேள்வி கேட்டு நேரான பதில் வாங்கியவர் அந்த அலுவலகத்தில் யாரும் கிடையாது. ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். கேட்டவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு எழுந்து போய் எதையாவது செய்வார். அவர் செய்ததுதான் பதில் என்பது, கேட்டவருக்கு வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது புரியும். சிலருக்கு வேலையை விட்டுப் போன பிறகு புரிந்ததாகக் கேள்வி.

அவரிடம் சீடனாக வந்து சேர்ந்தவன் ஆவுடையப்பன். குருவைவிட எட்டு வயது மூத்தவன், காதோரம் நரைத்தவன், கல்லூரிக்குப் போகும் மகள் உள்ளவன். ஆனாலும் சீடன் என்று ஆகிவிட்ட பிறகு கதையில் 'அவன்'தான், வேறு வழியில்லை.

முந்தைய கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவனையும் குறைத்துவிட்டது. முக்கால் வருஷம் வீட்டில் இருந்தான். போன இடத்தில் எல்லாம் வயதைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பியூலா மட்டும் வயதைக் கேட்கவில்லை. எதற்கெல்லாம் பயப்படுவீர்கள் என்று கேட்டார். ஆவுடையப்பன் மூச்சு விடாமல் சொல்ல ஆரம்பித்தான். பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது, லிஃப்ட் பொத்தானை வரும்வரை அழுத்திக்கொண்டே இருப்பது, மகளுக்கு அனுப்பிய மெசேஜ் போகவில்லையோ என்று அதையே வேறு வார்த்தையில் திரும்ப அனுப்புவது, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும், இனி இந்த வேலையும் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினான். மறுநாளே வந்து சேரச் சொன்னார்கள்.

கிண்டியில் மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஷேர் புரோக்கர்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பதுதான் அங்கே வேலை. யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து போனில் 'விற்கிறேன்' என்று தட்டினால், அந்தத் தட்டு ஓர் ஆர்டராகிச் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் இப்படி ஒரு மென்பொருளுக்குள் நுழைந்து வெளியே வரும். வரும்போது அதன் மேல் ஒரு எண் இருக்கும். இந்த எண் வந்தது, இந்த எண் முடிந்தது என்றுதான் சந்தை பதில் சொல்லும். ஆர்டரை ரத்து செய்ய வேண்டுமானாலும் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். விற்பவர் யார், மகள் கல்யாணத்துக்கு விற்கிறாரா, வயிற்று வலிக்கு விற்கிறாரா என்பதெல்லாம் சந்தைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றுதான்.

அந்த எண்ணை உருவாக்கும் வேலையைத்தான் பியூலா ஆவுடையப்பனிடம் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் சொன்னது அதிகமில்லை.

"ஒரு ஆர்டருக்கு ஒரு எண். அவ்வளவுதான் சார்."

கேட்டதுமே ஆவுடையப்பனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் அவன் பெயர். அவனுடைய தாத்தாவும் ஆவுடையப்பன்தான். தாத்தாவுக்கு மகன்கள் ஐந்து பேர். அம்பாசமுத்திரத்தில் அவர்கள் வீட்டு வழக்கப்படி ஐந்து பேரும் தங்கள் தலைப்பிள்ளைக்கு அப்பா பெயரையே வைத்தார்கள். ஆக ஒரே தெருவில் ஐந்து ஆவுடையப்பன்கள். பஸ் ஓட்டியவர் மகன் டிரைவர் ஆவுடை, கண்ணாடி போட்டவன் கண்ணாடி ஆவுடை, ஒல்லியாக இருந்ததால் இவன் குச்சி ஆவுடை. யாராவது தெருவில் நின்று ஆவுடை என்று கூப்பிட்டால் ஐந்து வீட்டு வாசலிலும் தலை நீளும்.

அதுவரைக்கும் சிரிப்புதான். பிளஸ் டூ முடிவு வந்த அன்று சிரிப்பு வரவில்லை. கண்ணாடி ஆவுடையும் இவனும் ஒரே வகுப்பு. அவன் அப்பா சுப்பையா, இவன் அப்பா சுடலைமுத்து. அதனால் இரண்டு பேருமே சு. ஆவுடையப்பன். பள்ளிக்கூடத்தில் பெயரைப் பார்த்து முடிவு சொன்னவர் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார். கணக்கில் போனது கண்ணாடி, ஆனால் போனதாகச் செய்தி வந்தது குச்சி வீட்டுக்கு.  அன்று அப்பாவின் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. மறுநாள் விஷயம் தெரிந்து எல்லாம் சரியாகிவிட்டது, அப்பா கடைக்குப் போய் அல்வா கூட வாங்கி வந்தார். ஆனால் அந்த ஒரு நாள் ஆவுடையப்பனுக்குள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எனவே எந்தக் காலத்திலும் இரண்டு ஆர்டருக்கு ஒரே எண் வரக்கூடாது என்று இறங்கினான். முதலில் நேரத்தை எண்ணாக்கினான். நொடியைப் பொடிப்பொடியாக நறுக்கி, அந்தப் பொடி வரைக்கும் போட்டான். ஒரே பொடியில் இரண்டு மெஷினிலிருந்து ஆர்டர் வந்தால்? மெஷின் எண்ணையும் சேர்த்தான். மெஷினின் கடிகாரத்தை யாராவது பின்னால் தள்ளி வைத்தால், போன நேரமே திரும்ப வருமே? வரிசை எண் ஒன்றையும் சேர்த்தான். மெஷின் நின்று மறுபடி கிளம்பினால் வரிசை முதலிலிருந்து தொடங்குமே? குலுக்கிப்போட்ட எழுத்துகளை வால் மாதிரி ஒட்டினான். இப்போது எண் சந்தை அனுமதிக்கும் நீளத்தைத் தாண்டி வெளியே தொங்கியது. எதை வெட்டுவது என்று தெரியாமல் ஒரு வாரம் தவித்துவிட்டு, மனமே இல்லாமல் கொஞ்சம் வெட்டினான்.

சோதனையின்போது ஒரு தடவை இரண்டு ஆர்டருக்கு ஒரே எண் விழுந்துவிட்டது. சந்தையின் பதில் திரையில் சிவப்பு எழுத்தில் வந்து நின்றது: 'இந்த எண்ணில் ஆர்டர் ஏற்கெனவே வந்து சேர்ந்துள்ளது.' அன்று மத்தியானம் ஆவுடையப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சிவப்பு வரியை இனிமேல் வாழ்நாளில் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்தான். அதற்காக அவன் கண்டுபிடித்த வழிதான் அவனுக்கு ரொம்பப் பெருமை. எண்ணை முன்கூட்டியே போட்டு வைப்பதே இல்லை. ஆர்டர் சந்தைக்குப் போகும் லைனில் ஏறும் கடைசி நொடியில்தான் சுடச்சுட எண் போடுவது. வெளியே போகும் ஒவ்வொன்றுக்கும் புத்தம் புது எண். பழைய எண் எங்கேயும் தங்க வழியே இல்லை.

அதோடு விட்டானா? போன ஆர்டருக்குச் சந்தையிடமிருந்து சில நொடிகளில் பதில் வராவிட்டால், வழியில் தொலைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு மென்பொருளே அதைத் திரும்ப அனுப்பும்படியும் செய்தான். மகளுக்கு மெசேஜ் அனுப்புகிறவன் வேறு எப்படிச் செய்வான்.

அன்று சனிக்கிழமை. சந்தை விடுமுறை என்பதால் ஒத்திகைக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். நிஜச் சந்தை மாதிரியே ஆர்டர் போகும், பதில் வரும், ஆனால் யார் பங்கும் கை மாறாது. இந்த ஒத்திகை முடிந்தால் திங்கட்கிழமை காலையில் சேலத்துப் புரோக்கர் ஒருவரின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் புது மென்பொருளுக்கு மாறுகிறார்கள். அதற்கு முன்னால், சாயங்காலம் நான்கு மணிக்குள் ஆவுடையப்பன் திரையில் 'தயார்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியது யார் என்று அவன் பெயர் அதில் ஏறும். திங்கட்கிழமை எண்ணில் தப்பு வந்தால் யாரோ ஒருவருடைய பங்கு போகக்கூடாத வழியில் போய்விடும், இவன் மறுபடி வீட்டில் உட்கார வேண்டியதுதான். மகளிடம் இரண்டாவது தடவை அதைச் சொல்லும் தெம்பு அவனுக்கு இல்லை.

காலையில் வந்ததும் பியூலாவுக்கு ஒரு மெயில் போட்டான். திங்கட்கிழமைக்கு நாம் தயார் என்று நம்பலாமா என்று கேட்டிருந்தான். பதில் இல்லை. மெயிலைப் பார்க்கவில்லையோ என்று போனில் மெசேஜ் அனுப்பினான். அதில், எண் விஷயத்தில் மேடத்துக்கு ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டான். பார்த்துவிட்டதற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. காபி மெஷின் பக்கத்தில் அவரைப் பார்த்தபோது, சும்மா கேட்பதுபோல், சேலத்துக்காரர் கவலையில்லாமல் இருக்கிறாரா என்று விசாரித்தான். பியூலா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆவுடையப்பன் காபி எடுக்காமலேயே இருக்கைக்குத் திரும்பினான். பதில் சொல்லாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம்? ஏதோ தெரிந்திருக்கிறது, சொல்லத் தயங்குகிறார். அல்லது திங்கட்கிழமைக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டார். இந்த இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்துப் பார்த்தான். இரண்டுமே சரியாகப் படவில்லை.

ஒத்திகை நன்றாகத்தான் போனது. ஆர்டர்கள் போயின, பதில்கள் வந்தன, ஒரு எண் கூட இரட்டிக்கவில்லை. மத்தியானம் நெருங்கும்போது பியூலா அவன் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரு விற்பனை ஆர்டரை அனுப்பச் சொன்னார். அவன் தட்டினான். ஆர்டர் கிளம்பியதைத் திரை காட்டிய அதே நொடியில் பியூலா குனிந்து, சந்தைக்குப் போகும் லைன் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். பிறகு கொஞ்சம் தைரியம் வந்தது. இதற்குத்தான் அவன் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறானே. திரையில் 'பதில் இல்லை' என்று வந்தது. பியூலா கேபிளைத் திரும்பச் சொருகினார். மென்பொருள் தானாகவே ஆர்டரைத் திரும்ப அனுப்பியது. சந்தை ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. பார்த்தீர்களா என்பதுபோல் அவன் குருவைத் திரும்பிப் பார்த்தான்.

குரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, முதலில் போன ஆர்டருக்கும் இப்போது பதில் வந்துகொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்குவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டிருக்கிறது. பதில்தான் வழியில் நின்றிருக்கிறது. ஒரே ஆள், ஒரே பங்கு, ஒரே விலை. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு ஆர்டர். இரண்டுக்கும் எண் வேறு வேறு.

நிஜச் சந்தையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்குச் சொல்லத் தேவையில்லை. தன்னிடம் உள்ளதை விற்க நினைத்த ஒருவர், தன்னிடம் இல்லாததையும் சேர்த்து விற்றவர் ஆகியிருப்பார். இல்லாததைக் கொடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டிருப்பார். செய்யாத காரியத்துக்கு அவர் வீட்டிலும் யாரோ ஒருவர் அன்று சாப்பிட்டிருக்கமாட்டார்.

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. பயந்த மனிதனுக்கு வரும் கோபம், அது அடுத்தவர் மேல்தான் போகும். சந்தை மேல் போனது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று சந்தைக்கு ஒரு யோசனை வேண்டாமா என்று பொரிந்தான்.  பிறகு, திரும்ப அனுப்புவதற்கு முன்னால் முதல் ஆர்டர் வந்ததா என்று சந்தையையே கேட்டுவிட்டால் என்ன என்றான்.

"எந்த எண்ணைச் சொல்லிக் கேப்பீங்க சார்?"

 லைனில் ஏறும் நொடியில் போட்ட எண் லைனோடு போய்விட்டது. இந்தப் பக்கம் அதை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளக்கூடாது என்று செய்ததே அவன்தான்.

"அப்ப, போனது போய்ச் சேந்துச்சா இல்லையான்னு தெரியாதப்ப நான் என்னதான் செய்யணும், மேடம்?" குரல் அவனுக்கே அழுகிற மாதிரி கேட்டது.

பியூலா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பசிக்குது. எட்டுப் பேர் இருக்கோம். மெஸ்ஸுக்குப் போன் போட்டுச் சாப்பாடு சொல்லிடுங்க."

தலை போகிற நேரத்தில் சாப்பாடா என்று அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் போனை எடுத்தான். தெருமுனை மெஸ் காளிமுத்துதான் எடுத்தார். எட்டு சாப்பாடு என்றான், பெயர் ஆவுடையப்பன் என்றான். அந்தப் பக்கம் ஏதோ கரகரத்துவிட்டு போன் அறுந்தது. மெஷின்களோடு அவர்கள் உட்காரும் அந்த அறையில் எப்போதும் சிக்னல் அப்படித்தான்.

கேட்டிருக்குமா? கேட்டிருக்காது. கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பாரே. ஆவுடையப்பன் வராந்தாவுக்கு ஓடினான். திரும்பப் போன் போட்டான். இந்தத் தடவை காளிமுத்துவின் மனைவி எடுத்தார். வெறுமனே பெயரைச் சொன்னால் வேறு எந்த ஆவுடையப்பனுக்காவது போய்விடுமோ என்று அவனுக்குத் தோன்றியது. சென்னையில் அந்தத் தெருவில் வேறு ஆவுடையப்பன் இருக்க வாய்ப்பே இல்லை, ஆனால் தோன்றிவிட்டது. அதனால் பெயரை விட்டுவிட்டு, மூன்றாவது மாடி, சாஃப்ட்வேர் ஆபீஸ், எட்டு சாப்பாடு என்று நிதானமாக, தெளிவாகச் சொன்னான். அந்த அம்மாள் சரிங்க என்றார். அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

அரை மணி நேரத்தில் காளிமுத்து ஸ்கூட்டரில் இரண்டு பெரிய பைகளோடு வந்து, மூச்சு வாங்க மாடி ஏறினார். ஒரு பையை வைத்து, இது ஆவுடையப்பன் சாருக்கு என்றார். இன்னொன்றை வைத்து, இது மூணாவது மாடி ஆபீஸுக்கு என்றார்.

ஆவுடையப்பன் இரண்டு பைகளையும் பார்த்தான். இரண்டும் தான் சொன்னதுதான், எட்டுதான் வேண்டும், ஒரே மாடி, ஒரே எட்டு, இதைப் பார்த்தாலே தெரியாதா என்று கேட்டான். காளிமுத்துவுக்குச் சங்கடமாகிவிட்டது. போன வாரம் இதே மாடியில் இரண்டு பேர் தனித்தனியாக ஆறு ஆறு சாப்பாடு சொன்னார்களாம். ஒரே ஆள்தான் மறந்து இரண்டு தடவை சொல்கிறார் என்று நினைத்து அவர் ஆறு மட்டும் கொண்டுவந்தாராம். பாதிப் பேர் பட்டினி கிடந்து அவரைப் பிடித்துக்கொண்டார்களாம்.

"பேரு வேறயா இருந்துச்சா, வேற ஆர்டர்னு எடுத்துக்கிட்டேன் சார். ரெண்டாவது தடவையும் நீங்க ஆவுடையப்பன்னே சொல்லியிருந்தா, அதான் வந்துருச்சேன்னு சொல்லிப் போனை வச்சிருப்பாங்க."

அவர் போன பிறகு பியூலா வந்தார். பைகளைப் பிரித்தார். பொட்டலங்களை எடுத்து மேஜையில் அடுக்கினார். ஆவுடையப்பன் பெயருக்கு வந்த எட்டை ஒரு அடுக்கு, மூன்றாவது மாடிக்கு வந்த எட்டை ஒரு அடுக்கு, பக்கத்தில் பக்கத்தில். அடுக்கிய பிறகு அவன் திரையை மெதுவாகத் திருப்பி அந்த அடுக்குகளுக்கு நடுவே தெரியும்படி வைத்தார். ஒன்றின் கீழ் ஒன்றாக அந்த இரண்டு ஆர்டரும் இன்னும் அங்கே நின்றுகொண்டிருந்தன.

ஆவுடையப்பன் உட்கார்ந்துவிட்டான். ஐந்து வீட்டு வாசலில் நீளும் தலைகள் அவன் நினைவுக்கு வந்தன. ஐந்து பேருக்கு ஒரு பெயர் இருந்த தெருவிலிருந்து வந்தவன், ஒருவனுக்கே ஐந்து பெயர் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு ஆர்டருக்கு ஒரு எண் என்று முதல் நாளே அவர் சொன்னார். அவன் காதில் அதில் பாதிதான் விழுந்திருக்கிறது.

"அனுப்பற ஒவ்வொரு தடவையும் நான் புதுப் பேர் வச்சுட்டேன், மேடம்."

"சாம்பார் ஆறுது சார்" என்றார் பியூலா.

மிச்சமான எட்டைக் கீழே செக்யூரிட்டிக்காரர்களுக்கும் இரண்டாவது மாடிக்கும் கொடுத்தார்கள். ஆவுடையப்பன் அவசரமாகச் சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. கை காய்வதற்குள் இருக்கைக்கு வந்துவிட்டான்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. எண் போடும் இடத்தைக் கடைசியிலிருந்து எடுத்து முதலில் வைக்க வேண்டும். வாடிக்கையாளர் 'விற்கிறேன்' என்று தட்டிய உடனேயே எண் பிறந்துவிட வேண்டும். பிறகு அது ஆர்டரை விட்டுப் பிரியக்கூடாது. லைன் அறுந்தாலும், மெஷின் நின்றாலும், பத்துத் தடவை அனுப்பினாலும் அதே எண். மறுபடி விற்க நினைத்து இன்னொரு தடவை அவரே தட்டினால்தான் இன்னொரு எண். குலுக்கிப்போட்ட எழுத்து வாலில் பாதியை வெட்டினான். இந்தத் தடவை அவனுக்கு வருத்தமாக இல்லை.

வேலை சின்னதுதான். ஆனால் தயங்கித் தயங்கித்தான் செய்தான். எந்த மாற்றமும் கடைசி நேரத்தில் செய்தால் வேறு எதையாவது கெடுக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு வரியையும் படித்தான், திரும்பப் படித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு பார்த்தான். மூன்றைத் தாண்டியிருந்தது. காலையில் செய்த சோதனை அத்தனையையும் முதலிலிருந்து ஓட்டினான். எல்லாம் சரியாக வந்தது.

பியூலா மறுபடி வந்து பின்னால் நின்றார். அனுப்பச் சொன்னார். அவன் தட்டினான். அவர் கேபிளைப் பிடுங்கினார்.

'பதில் இல்லை' என்றது திரை. ஆர்டர் போய்ச் சேர்ந்ததா, வழியில் நிற்கிறதா, யாருக்கும் தெரியாது. பியூலா இந்தத் தடவை உடனே கேபிளைச் சொருகவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றார். ஆவுடையப்பனால் தாங்க முடியவில்லை. எதையாவது அழுத்த வேண்டும் போல விரல் துறுதுறுத்தது. அழுத்துவதற்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருந்தான்.

ஒரு வழியாக அவர் சொருகினார். மென்பொருள் ஆர்டரைத் திரும்ப அனுப்பியது. அடுத்த நொடி திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

'இந்த எண்ணில் ஆர்டர் ஏற்கெனவே வந்து சேர்ந்துள்ளது.'

பழக்க தோஷம், அவன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மேலே பார்த்தான். ஒரு ஆர்டர். ஒன்றே ஒன்று. முதலில் போனதுதான், பத்திரமாக அங்கே நின்றது. இத்தனை நாள் எந்த வரியைப் பார்க்கக்கூடாது என்று தவம் கிடந்தானோ, அந்த வரி இப்போது அவனைப் பார்த்து, கவலைப்படாதே என்று சொல்வதுபோல் இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டான். பியூலா பார்த்தார்.

இன்னும் ஐந்தாறு தடவை பிடுங்கிச் சொருகிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் சிவப்பு வரி வந்தது, ஒவ்வொரு தடவையும் ஆர்டர் ஒன்றுதான் இருந்தது.

நான்கு மணியாகப் போகிறது. 'தயார்' பொத்தான் திரையின் மூலையில் இருந்தது. ஆவுடையப்பன் விரலை அதன் மேல் கொண்டுபோனான். கொண்டுபோனவன் நிறுத்தினான். எண் சரி, பார்த்தாயிற்று. ஆனால் இவ்வளவு பெரிய ஓட்டையே இன்று மத்தியானம்தானே தெரிந்தது. தெரியாதது இன்னும் எத்தனை இருக்கிறதோ. திங்கட்கிழமை காலையில் சேலத்தில் யாரோ ஒருவர் டீ குடித்துக்கொண்டே போனைத் தட்டுவார். அவருக்கு இவனைத் தெரியாது. இவனை நம்பித்தான் தட்டுவார். மகளின் முகமும் அப்பாவின் தட்டும் ஒன்றாகக் கண்ணில் வந்தன.

அவன் திரும்பினான். குரு பின்னால்தான் இருந்தார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக.

"மேடம், திங்கக்கிழமை ஒண்ணும் ஆகாதுல்ல?"

பியூலா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வழக்கம்போல் எங்காவது போய் ஏதாவது செய்வார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது புதுசா கேக்கறீங்களா, இல்ல காலையில மெயில்ல கேட்டதா?"

ஆவுடையப்பன் யோசித்தான். மெயிலில் ஒரு மாதிரி கேட்டிருந்தான், மெசேஜில் ஒரு மாதிரி, காபி மெஷின் பக்கத்தில் சேலத்துக்காரரை இழுத்து வேறு ஒரு மாதிரி. வார்த்தை எல்லாம் வேறு வேறு.

"மெயில்ல கேட்டதுதான் மேடம்" என்றான் தாழ்ந்த குரலில். "நடுவுல கேட்டதும் அதேதான்."

"அப்ப அது ஏற்கெனவே வந்து சேந்துடுச்சு சார்."

ஆவுடையப்பன் பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.